சக்கரம் உள்ள வீடும் சக்கரம் இல்லாத ஊரும்

கனடாவின் வடமேற்கில், போஃபோர்ட் கடலை ஒட்டி டக்டோயாக்டக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே 937 பேர். உள்ளூரில் எல்லாரும் சுருக்கமாக ‘டக்’ என்பார்கள். கனடாவின் பொதுச் சாலைகளில் ஆர்க்டிக் கடலைத் தொடுவது இந்த ஊருக்குப் போகும் சாலை ஒன்றுதான். அதனால் கோடைக்காலத்தில் ஆர்வி வைத்திருப்பவர்களுக்கு டக் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது.

அப்படிப் போய்வந்தவர்களின் குறிப்புகளையும் காணொளிகளையும் சில வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் எத்தனை டயர் போனது, கண்ணாடியில் எத்தனை கல் தெறித்தது, கொசு எந்த சைஸில் இருந்தது. பிறகு ‘ஆர்க்டிக் ஓஷன்’ என்று எழுதிய பலகைக்கு முன்னால் ஒரு படம். பேன்ட்டை மடித்துவிட்டுக் கடலில் கால் நனைத்து ஒரு கூச்சல். முத்தாய்ப்பாக, ‘உலகத்தோட விளிம்புக்கே போயிட்டு வந்துட்டோம்.’ சரி, ஊர் எப்படி இருந்தது? ‘ஊர்ல ஒண்ணும் இல்லப்பா.’

இந்த ‘ஒண்ணும் இல்லப்பா’வோடுதான் எனக்குச் சண்டை.

மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்து ஓர் ஊரில் இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றுவது அந்த ஊரின் குறை ஆகாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிர்சாதனப் பெட்டி, அரிசி மூட்டை வரை எல்லாவற்றையும் கூடவே கட்டி இழுத்துக்கொண்டு வருகிற பயணத்தின் அமைப்பே அப்படித்தான். யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் ஆர்வியின் பெருமை. யாரிடமும் எதுவும் கேட்காதவனுக்கு ஊரில் யாரும் தட்டுப்படமாட்டார்கள். அந்தப் பெருமையும் உண்மையானதல்ல, அதன் செலவை டக் போன்ற சின்ன ஊர்கள் சுமக்கின்றன என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

நான் ஆர்விக்கு எதிரி அல்ல. கால்கரியில் வசிக்கும் மென்பொருள் பொறியாளன். ஒரு நண்பனின் டிரெய்லரில், அவன் குடும்பத்தோடு, ஒரு ஜூலை மாதத்தில் டக் போய் வந்தேன். மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் போவேன். டயர் மாற்றிய கதை என்னிடமும் இருக்கிறது, அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

‘செல்ஃப்-கன்டெய்ன்ட்’ என்னும் புருடா

ஆர்வி உலகில் ‘செல்ஃப்-கன்டெய்ன்ட்’ என்று ஒரு சொல் உண்டு. தண்ணீர், மின்சாரம், கழிவுத்தொட்டி மூன்றும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, வெளி இணைப்பு எதுவும் வேண்டாம் என்று பொருள். இதைச் சொல்லும்போது பலருக்கும் குரலில் ஒரு கம்பீரம் வந்துவிடும், ஏதோ காட்டில் தவம் செய்யப் போகிறவர்கள் மாதிரி.

எங்கள் தொழிலில் ‘சர்வர்லெஸ்’ என்று ஒன்று உண்டு. சர்வரே இல்லை என்று அர்த்தம் கிடையாது. சர்வர் வேறு யாருடைய கட்டடத்திலோ இருக்கிறது, அதை வேறு யாரோ ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. ஆர்வியின் சுதந்திரமும் அந்த ரகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாசன் சிட்டிக்கு அருகே தொடங்கி இனுவிக் வரை போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையின் நீளம் ஏறக்குறைய 740 கிலோமீட்டர். முழுக்க முழுக்க சரளைக்கல் பாதை என்றே சொல்லிவிடலாம். அதன் அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம். மேலே போடும் சாலை அந்த உறைவை உருக்கிவிட்டால் சாலையே அமுங்கிவிடும். அதனால் நிலத்தை வெட்டாமல், அதன்மேல் தடிமனாகச் சரளையைக் கொட்டி, போர்வை போர்த்தினாற்போல் கட்டியிருக்கிறார்கள். 1959-இல் தொடங்கிய வேலை, இடையில் பல வருடங்கள் நின்று, 1979-இல்தான் முடிந்தது. இன்றும் கோடை முழுக்க கிரேடர் வண்டிகள் அதைச் சமன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை பாத்தி பாத்தியாகப் போய்விடும்.

வழியில் இரண்டு ஆறுகள். ஃபோர்ட் மெக்பெர்சன் அருகே பீல் ஆறு, சீகெச்சிக் அருகே மெக்கன்சி ஆறு. இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் அரசு படகு ஓட்டுகிறது, கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே வண்டிகள் போகும். இடையில் ஈகிள் ப்ளெயின்ஸ் என்ற இடத்தில் எரிபொருள் கிடைக்கும். தொடங்கிய இடத்திலிருந்து 369 கிலோமீட்டர் வந்தால்தான் அது. அந்த எரிபொருளையும் லாரிதான் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

இனுவிக்கில் இருந்து டக் வரையான 138 கிலோமீட்டர் 2017 நவம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 30 கோடி கனடா டாலர். அதில் 20 கோடி மத்திய அரசு கொடுத்தது. கோடையில் தொட்டால் நிலம் சேறாகும் என்பதால், வேலையின் பெரும்பகுதியைக் குளிர்காலத்தின் இருட்டிலும் குளிரிலும் செய்தார்கள். இரண்டு முனைகளிலிருந்தும் சரளை கொட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் டக்காரர்களும் இனுவிக்காரர்களும் நிறையப் பேர்.

இவ்வளவையும் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நாம் நம்முடைய குடிலை உருட்டிக்கொண்டு போய், ‘நாங்க யாரையும் நம்பி வரல சார், எல்லாம் எங்க வண்டியிலயே இருக்கு’ என்கிறோம். கேட்கச் சிரிப்பாக இல்லையா?

வழிகாட்டியை அனுப்பிவிட்டவர்கள்

இந்தச் சாலையின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பலகைகளில் எல்லாரும் ‘டெம்ப்ஸ்டர்’ என்று படிக்கிறார்கள். யார் அவர் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

1910 டிசம்பரில் கனடாவின் குதிரைப்படைப் போலீஸைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபோர்ட் மெக்பெர்சனில் இருந்து டாசன் நோக்கி நாய்வண்டிகளோடு புறப்பட்டார். கூட மூன்று பேர். வருடாவருடம் நடக்கும் தபால் ரோந்துதான். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று சுமையைக் குறைத்து, 30 நாளைக்கான உணவு மட்டும் எடுத்துக்கொண்டார். வழியில் ஈசா ஜார்ஜ் என்ற க்விச்சின் பழங்குடிக்காரர் கொஞ்ச தூரம் வழிகாட்டினார். பிறகு ஃபிட்ஸ்ஜெரால்டு அவருக்குக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். தன் குழுவில் இருந்த கார்ட்டர் என்பவருக்கு வழி தெரியும் என்று நம்பினார். கார்ட்டர் அந்தப் பாதையில் முன்பு போனவர்தான், ஆனால் மலையைக் கடக்கத் திரும்ப வேண்டிய ஓடை எது என்று அவருக்கு நினைவு வரவில்லை. நாட்கணக்கில் தேடினார்கள். கடைசியில் வந்த வழியே திரும்பினார்கள். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். புறப்பட்ட ஊருக்குச் சில பத்து மைல் தூரத்தில் நால்வரும் இறந்துபோனார்கள். ‘தொலைந்த ரோந்து’ என்று வரலாற்றில் அதற்குப் பெயர்.

அவர்களைத் தேடி 1911-இல் டாசனில் இருந்து கிளம்பிய குழுவின் தலைவர்தான் வில்லியம் டெம்ப்ஸ்டர். அவர் என்ன செய்தார் தெரியுமா? சார்லி ஸ்டூவர்ட் என்ற பழங்குடி வழிகாட்டியைக் கூடவே அழைத்துக்கொண்டு போனார். போனார், உடல்களைக் கண்டுபிடித்தார், உயிரோடு திரும்பினார். சாலைக்கு டெம்ப்ஸ்டரின் பெயர் வைத்தார்கள். ஸ்டூவர்ட்டின் பெயரோ ஈசா ஜார்ஜின் பெயரோ இந்தப் பாதையில் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

‘நமக்கே எல்லாம் தெரியும், உள்ளூர் ஆள் தேவையில்லை’ என்ற நினைப்பு அன்றைக்கு நான்கு உயிரை வாங்கியது. இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, அதனால் யாரும் சாகமாட்டோம். நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போது அந்த நினைப்புக்கு விலை கொடுத்தவன் பயணி. இப்போது விலையை ஊர் கொடுக்கிறது.

ஆளில்லாத இடம் என்று எதைச் சொல்கிறோம்?

இனுவிக் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, கொஞ்ச தூரத்தில் காணாமலே போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் துந்திரா சமவெளி, ஏரி ஏரியாகத் தண்ணீர். ஆர்விக்காரர்களுக்குக் கை பரபரக்கும் இடம். ‘பூன்டாக்கிங்’ என்பார்கள், அதாவது காசு கொடுத்து முகாமில் தங்காமல், ஆளில்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி இரவைக் கழிப்பது. ‘எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாரு!’ என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் வசனம்.

அது சும்மா கிடக்கும் இடம் இல்லை. 1984-இல் கனடா அரசும் இனுவியலுயிட் மக்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுவியலுயிட் மக்களின் சொந்த நிலமாக உறுதிசெய்யப்பட்டது. டக் சாலையின் இரு பக்கங்களிலும் பெரும்பகுதி அந்த நிலம்தான். அதை நிர்வகிக்கும் அலுவலகம் டக்கிலேயே இருக்கிறது. அங்கே கேட்டு அனுமதி வாங்கித் தங்க வேண்டும். கால்கரியில் பக்கத்து வீட்டுக்காரரின் புல்தரையில் யாராவது டிரெய்லரை நிறுத்தி மீன் பிடித்தால் நாம் போலீஸைக் கூப்பிடுவோம். வேலி இல்லாததால் உரிமையாளரும் இல்லை என்று நினைப்பது எந்த ஊர் நியாயம்?

பிங்கோக்களின் கதையும் இதேதான். டக்கைச் சுற்றி, நிலத்தடி நீர் உறைந்து மண்ணை மேலே தள்ளித் தள்ளி உருவான குன்றுகள் இருக்கின்றன. உள்ளே முழுக்கப் பனிக்கட்டி. இப்யுக் என்ற பிங்கோ 49 மீட்டர் உயரம், கனடாவிலேயே பெரியது. அந்தக் கடற்கரையில் ஆட்கள் கடலில் இருந்தும் பனியின் மேலிருந்தும் வீடு திரும்ப அடையாளம் பார்த்தது இந்தக் குன்றுகளை வைத்துத்தான். மேல் மண் கிழிந்தால் உள்ளிருக்கும் பனி உருகிவிடும், அதனால்தான் மேலே ஏறாதீர்கள் என்கிறார்கள். ஏறி நின்று ட்ரோன் விடுகிறவர்களுக்கு அது ஒரு ‘வியூ பாயின்ட்’.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் வரைபடத்தில் இதற்கு ‘போர்ட் பிராபன்ட்’ என்று பெயர். 1950-இல் மக்கள் வழங்கிய பெயரே மீண்டும் அதிகாரப்பூர்வமானது. கனடாவில் அப்படிப் பழைய பெயருக்குத் திரும்பிய முதல் ஊர் இது. கரிபூ மானைப் போல் தோன்றும் இடம் என்று பொருள். தண்ணீரில் இறங்கிய கரிபூக்கள் கல்லாகிப்போயின, நீர்மட்டம் இறங்கும்போது அந்தப் பாறைகள் தெரியும் என்பது அவர்களின் கதை. தன் பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்ட ஊருக்குப் போய்விட்டு வந்து ‘விளிம்பு’ என்று நாம் புதுப்பெயர் வைக்கிறோம். யாருக்கு விளிம்பு? அங்கே பிறந்தவருக்கு அதுதான் நடு. கால்கரிதான் எங்கோ தெற்கில் கிடக்கும் மூலை.

குப்பை எங்கே போடுவது?

டக்கில் இரண்டாவது நாள் காலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு வீட்டு வாசலில், அட்டையில் கையால் ‘டிரை ஃபிஷ்’ என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். கதவைத் தட்டினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, புகையில் வாட்டிய வெள்ளைமீனில் ஒரு துண்டு கிழித்து முதலில் தின்னக் கொடுத்தார், அப்புறம்தான் விலை சொன்னார். நம்மூர்க் கருவாட்டைவிட உப்பு ரொம்பக் குறைவு, கொழுப்பு அதிகம். முதல்நாள் எத்தனை வண்டி வந்திருக்கும் என்று கேட்டேன்.

“எண்ணலை. முப்பது இருக்கும்.”

“எத்தனை பேர் மீன் வாங்கினாங்க?”

யோசித்துப் பார்த்து, “ஒருத்தர்” என்றார். “கதவைத் தட்டறவங்க இருக்காங்க. குப்பையை எங்க போடறதுன்னு கேக்கத்தான் தட்டுவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டக்கில் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. லாரி வந்து ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் நிரப்பிவிட்டுப் போகும். கழிவுநீரை இன்னொரு லாரி வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். உறைந்த நிலத்தில் குழாய் புதைப்பது அவ்வளவு பெரிய வேலை. ஆக, டக்கில் ஒவ்வொரு வீடும் ஒரு விதத்தில் ஆர்விதான். சுத்தநீர்த் தொட்டி ஒன்று, கழிவுத் தொட்டி ஒன்று, எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு ஒன்று. ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஏற்பாட்டின் செலவை ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நாம் இரண்டு நாள் தங்கி, தொட்டியை நிரப்பிக்கொண்டு, குப்பையை இறக்கிவிட்டு, மளிகை மட்டும் கால்கரி காஸ்ட்கோவில் வாங்கினதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

ஜூலையில் ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜூலைதான் பெலுகா திமிங்கல வேட்டைக் காலம். குடும்பங்கள் கடலோர முகாம்களுக்குப் போய்விடும். இறைச்சியை வெட்டிக் காயவைத்து, தோலும் கொழுப்புமான மக்டக்கைப் பக்குவம் செய்து குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் பருவம் அது. தை மாதம் அறுப்பு நேரத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், திண்ணையில் ஆளே இல்லை, செத்த ஊர் என்று எழுதுவீர்களா?

‘போறதுக்குள்ள பாத்துரணும்’

இதுவரை சொன்னதெல்லாம் மரியாதைக் குறைவு, மெத்தனம், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறிடத்தில்.

டக் கரைந்துகொண்டிருக்கிறது. ஊர் உட்கார்ந்திருக்கும் மண்ணுக்குள் பனிக்கட்டி நிறைய. முன்பு வருடத்தின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடந்ததால் புயல் அடித்தாலும் அலை கரைக்கு வராது. இப்போது பனி சீக்கிரம் விலகி, தாமதமாகச் சேர்கிறது. திறந்த கடலின் காலம் நீள்கிறது. இலையுதிர்காலப் புயல்களின் அலை நேரே கரையில் மோதுகிறது, உள்ளே இருக்கும் பனி உருகிக் கரை துண்டு துண்டாகச் சரிகிறது. துறைமுகத்துக்கு முன்னால் அரணாக நிற்கும் டக்டோயாக்டக் தீவு ஆண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் தேய்கிறது. இந்த நூற்றாண்டின் நடுவில் அது உடைந்துவிடும் என்று கணிக்கிறார்கள். உடைந்தால் துறைமுகத்துக்கு மறைப்பு இல்லை.

‘பாயின்ட்’ என்று ஊரின் வடக்கு முனையில் கடலுக்குள் நீளும் ஒரு நிலத்துண்டு. அதன் ஓரத்தில் இருந்த வீடுகளில் சிலவற்றை 2020 வாக்கில் அப்படியே பெயர்த்து, வண்டியில் ஏற்றி ஊருக்கு உள்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். தலைமுறையாகக் கடலைப் பார்த்து வாழ்ந்தவர்களின் வீடுகள் அவை. ‘ஆர்க்டிக் ஓஷன்’ பலகை நிற்பதும் அதே பாயின்ட்டில்தான். ஆர்விகள் வரிசையாக நிற்பதும் அங்கேதான். சக்கரம் இல்லாத வீடுகள் கிளம்ப வேண்டிவந்த நிலத்தில், சக்கரம் உள்ள வீடுகள் கடல் தெரிகிற மாதிரி ஜன்னலைத் திருப்பி நிற்கின்றன.

இதற்குமேல் ஒரு விளம்பர வாசகம் வேறு. ‘மறைஞ்சு போறதுக்குள்ள பாத்துரணும்.’ இதைச் சொல்கிறவர்கள் தாங்கள் ஏதோ அக்கறையோடு பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். மரணப் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும், வீட்டாருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அதுகூட இங்கே பொருந்தாது, ஏனென்றால் டக் சாகவில்லை. கரைக்குப் பாறை அடுக்குகிறது, வீடுகளை நகர்த்துகிறது, அரசிடம் பணம் கேட்டுப் போராடுகிறது. ஊர் இளைஞர்கள் தங்கள் கரைக்கு நடப்பதை ‘ஹேப்பனிங் டு அஸ்’ என்று ஆவணப்படமாக எடுத்தார்கள். 2019 டிசம்பரில் மாட்ரிட் பருவநிலை மாநாட்டில் அது திரையிடப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டக் போகிற ஆர்விக்காரர் நூற்றில் ஒருவராவது இருப்பாரா?

தமிழ் வாசகருக்கு இந்தப் பார்வை புதிதல்ல. டக் சாலை திறந்த அதே 2017-இல், சில மாதங்கள் முன்பாக, தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. சாலை வந்தபின் சாரிசாரியாக வண்டிகள். இடிந்த தேவாலயத்தின் முன் படம், ‘பேய் நகரம்’ என்று தலைப்பு. அந்தப் பேய் நகரத்தில் குடிசை போட்டு இன்றும் மீன் பிடித்து வாழும் குடும்பங்களிடம் சங்கு பாசி வாங்குவதற்குப் பேரம் பேசுவோம், குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கமாட்டோம். நிலம் முடியும் இடத்தில் மனிதர்களும் முடிந்துவிட வேண்டும் என்பது நமக்கு ஓர் எதிர்பார்ப்பு. படத்துக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.

அப்ப போகவே கூடாதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இரண்டு திசையிலிருந்து வரும்.

ஒரு தரப்பு: ‘உருகுற ஊரைப் பாக்க பெட்ரோலை எரிச்சுக்கிட்டுப் போறீங்களே, வெக்கமா இல்லையா? யாரும் போகாம இருக்கறதுதான் நல்லது.’ இவர்களுடைய கார்பன் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் டக் மக்களை ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பேசுகிறார்கள். அந்தச் சாலையைக் கேட்டுப் பல வருடங்கள் போராடியது டக்காரர்கள்தான். அதற்கு முன் குளிர்காலத்தில் மெக்கன்சி ஆற்றின் உறைபனிமேல் ஒரு பாதை, மற்ற காலத்தில் விமானம், அல்லது கோடையில் வரும் சரக்குப் படகு. பால், காய்கறி, மருத்துவமனை எல்லாம் அந்தப் பருவத்தைப் பொறுத்தது. சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தவறு காண்பதற்கு, மூன்று நிமிட நடையில் சூப்பர்மார்க்கெட் வைத்திருக்கும் நமக்கு என்ன தகுதி?

சாலையின் வரலாற்றிலும் ஒரு முரண் உண்டு. 1950-களின் கடைசியில் பிரதமர் டீஃபன்பேக்கர் ‘வளங்களுக்குச் சாலைகள்’ என்று ஒரு திட்டம் பேசினார். வடக்கின் எண்ணெயும் கனிமங்களும் தெற்கே வர வேண்டும் என்பது கணக்கு. 1970-களில் எண்ணெய் நிறுவனங்கள் டக்கை மையமாக வைத்து போஃபோர்ட் கடலில் துளை போட்டன. பிறகு விலை விழுந்ததும் கிளம்பிப் போய்விட்டன. டக் சாலைக்குப் பணம் ஒதுக்கியபோதும் எண்ணெய், எரிவாயு என்ற பேச்சு இருந்தது. சாலை திறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 2016 டிசம்பரில், ஆர்க்டிக் கடலில் புதிதாகத் துளையிட உரிமம் இல்லை என்று கனடா அறிவித்துவிட்டது. எண்ணெய்க்காகக் கனவு கண்ட சாலையில் கடைசியில் வந்தது எண்ணெய் எரிக்கும் நாம்.

இன்னொரு தரப்பு: ‘நாங்க போறதாலதானே அந்த ஊருக்கு வருமானம்?’ இது கேட்க நன்றாக இருக்கிறது. எந்த வருமானம், சொல்லுங்கள். சாப்பாடு கொண்டுபோகிறோம். படுக்கை கொண்டுபோகிறோம். சாலைக்கும் படகுக்கும் கட்டணம் இல்லை. பெட்ரோல் இனுவிக்கிலேயே நிரப்பிக்கொள்கிறோம். ஹோட்டல்காரனுக்காவது ஊரில் யாராவது அறை விடுவார்கள், சமைத்துப் போடுவார்கள். ஆர்விக்காரன் ஒருவன் மனதுவைத்தால் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் டக்கைப் பார்த்துவிட்டு வரலாம். அப்படி வந்ததைச் சாதனையாகவும் எழுதலாம். எழுதுகிறார்கள்.

ஆகவே போங்கள். ஆனால் விருந்தாளியாகப் போங்கள். விருந்தாளிக்கு நம் வீடுகளில் என்ன இலக்கணமோ அதுதான் அங்கும். முகாம் கட்டணத்தைக் கொடுங்கள், அது இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சாலையோரத்தில் தங்க விரும்பினால் நில நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். கழிவுத்தொட்டியை இனுவிக்கில் காலிசெய்துவிட்டு ஊருக்குள் நுழையுங்கள். ஊர்க்கடையில் ஒரு வேளை மளிகையாவது வாங்குங்கள். விலையைப் பார்த்ததும் அங்கே வாழ்வது என்றால் என்ன என்று ஒரு நொடியில் புரியும். உள்ளூர்க்காரர் யாராவது ஊரைச் சுற்றிக்காட்டினால் காசு கொடுத்து அவரோடு இரண்டு மணி நேரம் நடங்கள். இரண்டு மணி நேரமே தங்குவதற்கு இவ்வளவு தூரம் போகாதீர்கள், குறைந்தது இரண்டு இரவு இருங்கள்.

அரசுகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 30 கோடி செலவழித்துச் சாலை போட முடிந்த நாட்டால், அந்தச் சாலை முடியும் ஊருக்கு வருகிறவர்களின் குப்பைக்கும் கழிவுக்கும் ஊராட்சியின் கையில் தனியாகப் பணம் வைக்க முடியாதா? சாலை திறப்பு நாளில் ‘மூன்று கடல்களையும் இணைத்துவிட்டோம்’ என்று பேச ஆட்கள் வந்தார்கள். அந்த மூன்றாவது கடல் ஊரைத் தின்னும்போது வீடுகளை நகர்த்தும் பணத்துக்காக ஊர் ஒவ்வொரு முறையும் மனுவோடு அலைய வேண்டியிருக்கிறது. சுற்றுலா விளம்பரத்தில் அந்தப் பலகையின் படத்தைப் போடும் துறை, பலகை நிற்கும் கரைக்குப் பாறை அடுக்கவும் சேர்த்துப் பேசட்டும்.

தமிழில் பயணம் எழுதுகிற நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம்மில் நிறையப் பேர் இப்போது வடஅமெரிக்காவில் இருக்கிறோம், வண்டி வாங்குகிறோம், வடக்கே போகிறோம், எழுதுகிறோம். நல்லது. டயரைப் பற்றி எழுதுங்கள், கொசுவைப் பற்றி எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதெல்லாம் உதவும். அதோடு, அந்த ஊரில் நீங்கள் பேசிய ஓர் ஆளைப் பற்றியும் எழுதுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், அவர் வீடு கரையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, போன வருடம் எத்தனை அடி இருந்தது. இந்த மூன்றையும் கேட்காமல் திரும்பியிருந்தால், ‘டக் போனேன்’ என்று எழுதாதீர்கள். ‘டக்கில் வண்டியைத் திருப்பினேன்’ என்று எழுதுங்கள்.